திராட்சரசமும் கம்ரும்

1871இல் நிறைவுற்ற பவர் குழுவினரின் தமிழ் விவிலியம், கானா ஊர்த் திருமணத்தில் தண்ணீர் ‘திராட்சரசம்’ ஆனதென்கிறது. எபேசியர் நிருபத்தில் பவுல் வெறியைத் தடுக்குமிடத்திலோ ‘மதுபானம்’ என்கிறது. கிரேக்க மூலத்தில் ஈரிடத்தும் ‘ஓய்னோஸ்’ என்னும் ஒரே சொல்தான். 1865இல் பெய்ரூத்தில் வெளிவந்த வான்டைக் அரபி மொழிபெயர்ப்பு ஈரிடத்தும் ‘கம்ர்’ என்றே கூறும். திருக்குர்ஆனில் நாம் ஓதும் அதே சொல்.

ரசம் என்றதும் தமிழ் வாசகர் புளிக்காத சாற்றையே எண்ணுவார். ஆயினும் அதே தமிழ் விவிலியத்தில் நோவா வெறிகொண்டதும் திராட்சரசத்தால்தான். சொல் மறைத்ததைச் சூழல் காட்டிவிடுகிறது.

இதைக் கொண்டு, கிறித்தவம் குடியை ஏவுகிறதென்று நம்மவர் மேடையில் முழங்குவது நீதியன்று. விவிலியம் வெறியைக் கடிகிறது. கத்தோலிக்கர் நற்கருணைக்குத் திராட்சை மதுவையே கொள்கின்றனர். 1869இல் வெல்ச் என்னும் மெதடிஸ்ட் அன்பரோ திருவிருந்துக்கெனவே புளிக்காத சாற்றைப் பக்குவப்படுத்தினார். விவாதம் அவர்களுக்குள்ளேயே உண்டு.

மிகுதியாய் அருந்தினால் போதை தருவது எதுவோ, அதன் சிறு அளவும் விலக்கப்பட்டதே என்பது நபிமொழி காட்டும் நெறி. அவர்கள் வெறியில் இடும் வேலியை நாம் முதல் துளியிலேயே இடுகிறோம். வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை, பழிக்கவும் வேண்டியதில்லை. முதலிபாளையத்துப் பனியன் தொழிலாளியின் சனிக்கிழமைச் சம்பளம் மதுக்கடையில் கரையுமானால், பசித்திருக்கும் அவ்வீட்டுக்காக இரு வேதத்தாரும் ஒருங்கே பேசக் கடமைப்பட்டவர்கள்.