படம் லயத்துக்கு வரட்டும்

தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு இலங்கையில் எழுந்த தமிழ்ப் படங்களுள் 'புதிய காற்று' (1975) தனியிடம் பெறுவது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் அதனைத் தாமே தயாரித்துக் கதாநாயகனாகவும் நடித்தார். தென்னிந்தியப் படங்களின் வெள்ளத்தில் எதிர்நீச்சலிட்ட அத்துணிவை நாம் போற்றுகிறோம்.

ஆயினும், ஒன்றைக் கேளாதிருக்க இயலவில்லை. கொழுந்து பறிப்பவளின் கதை அட்டன் கொட்டகையோடு நின்றுவிட்டால் யாருக்குப் பயன்? மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயம் திரும்புகிறவளுக்குப் பட்டணம் போய்ப் படம் பார்க்கப் பொழுதேது?

கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 1984இல் அமைத்த ஒடேசா இயக்கம் இதற்கு ஒரு வழி கண்டது. ஊர் ஊராகச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டினர். மக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி 'அம்மா அறியான்' (1986) படத்தை உருவாக்கினர். முடிந்த படத்தையும் அம்மக்களிடமே கொண்டு சென்றனர். விநியோகஸ்தரின் தயவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இவ்வழி நமக்குப் புதிதன்று. மாசி மாதத்தில் தோட்டமே கூடிப் பணம் சேர்த்து, லயத்து முற்றத்தில் காமன் கூத்து ஆடும் மக்கள் நம்மவர். அங்கே நுழைவுச் சீட்டில்லை. பார்ப்பவரும் கூத்தின் பங்காளிகளே.

கைத்தொலைபேசியிலேயே படமெடுக்கும் காலம் இது. நம் இளைஞர் எடுக்கும் படங்கள் கொழும்பு விழாக்களில் கைதட்டல் பெறட்டும், மகிழ்வோம். ஆனால் முதற்காட்சி பெரட்டுக் களத்தில், வெள்ளைத் துணியில் நடக்கட்டும். யாருடைய வாழ்வைப் படமாக்கினரோ, அவர்களின் தீர்ப்பை முதலில் கேட்கட்டும்.