மானுக்கு நின்ற பிணையும் நமக்கு நின்ற பிணையும்

வீரமாமுனிவரைப் பற்றி நம் மேடைகளில் தவறாது சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தாசாகிபைக் காணும் பொருட்டு அவர் மூன்றே மாதங்களில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். அவருடைய புலமையில் மகிழ்ந்த சந்தாசாகிப் 'இஸ்மத் சந்நியாசி' என்னும் பட்டமும் பல்லக்கும் நான்கு ஊர்களின் வருவாயும் அளித்துத் தம் திவானாகவும் அமர்த்திக்கொண்டார் என்பது அச்செய்தி. முனிவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1822-இல், முத்துசாமிப் பிள்ளை எழுதிய சரித்திரத்தின் வழியாக இது பரவிற்று. திவான் பதவியைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஐயத்துடனேயே நோக்கினர். 1736-இல் திருச்சியைப் பிடித்த சந்தாசாகிப் 1741-இல் மராத்தியரிடம் அதை இழந்து சிறைப்பட்டவர் என்பதும் நினைவிருக்கட்டும்.

செய்தி உண்மையா என்பதை வரலாற்றாசிரியர்க்கு விட்டுவிடுவோம். நம்மை உறுத்துவது வேறு. பல்லக்கு உண்டு, பட்டம் உண்டு, ஊர்களின் பெயர்கூட உண்டு. ஆனால் இருவரும் என்ன பேசினர் என்பது மட்டும் இல்லை. ஒரு கத்தோலிக்கத் துறவியும் ஓர் இஸ்லாமிய ஆட்சியாளரும் எதிரெதிரே அமர்ந்தனர் என்றால் இறைவனைப் பற்றி ஒரு சொல்லேனும் எழுந்திருக்க வேண்டுமே! கதை சொன்னவர்க்கும் கேட்டவர்க்கும் அது வேண்டியிருக்கவில்லை, பரிசே போதுமானதாயிற்று.

விழுப்புரம் வட்டாரத்து மக்களாகிய நமக்கு இக்குறை புதிதன்று. செஞ்சியின் தேசிங்குராசன் கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மணப்பந்தலிலிருந்து எழுந்து போர்க்களம் புகுந்து அவனோடு மடிந்த இஸ்லாமியத் தோழனுக்காகக் கண் கலங்குகிறோம். சேர்ந்து மடிந்ததை நினைவில் வைத்திருக்கிறோம். சேர்ந்து பேசியது எதுவும் நம் நினைவில் இல்லை. இன்றும் திண்டிவனத்துத் தெருக்களில் ரமலானில் நோன்புக் கஞ்சி நம் இல்லங்களுக்கு வருகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவில் கேக்குத் துண்டு அவர்கள் இல்லங்களுக்குச் செல்கிறது. 1991-இல் வத்திக்கான் வெளியிட்ட 'உரையாடலும் அறிவிப்பும்' என்னும் ஏடு சமய உரையாடலை நான்கு வகைப்படுத்தி, அண்டை வீட்டாராய் இன்பதுன்பங்களைப் பகிர்ந்து வாழ்தலை முதலில் வைக்கிறது. அதில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது, 'நீங்கள் ஏன் நோன்பிருக்கிறீர்கள்?' என்று கேட்க மட்டும் நாக்கு எழுவதில்லை.

இதற்குக் காரணம் அச்சமே எனக் கருதுகிறோம். சமயம் பேசுவதென்றால் வாதிடுவது என்றே நமக்குத் தெரியும். 1580-இல் பத்தேப்பூர் சிக்ரியில் அக்பரின் அவையை அடைந்த சேசு சபையினர் அங்கிருந்த இஸ்லாமிய அறிஞரோடு வாதிட்டனர். பேரரசர் நடுவராய் அமர்ந்திருக்கும் அவையில் இரு தரப்பாரின் கண்ணும் அரசர் முகத்தின் மேல்தான் இருக்கும். எதிரில் இருப்பவர் முகத்தை யார் பார்ப்பார்? அச்சத்துக்கு மறுபக்கமாக, 'எல்லா நதியும் கடலுக்கே' என்று கூறிப் பொன்னாடை போர்த்திக் கலையும் மேடைகளும் உண்டு. அங்கும் எவரும் எதையும் கேட்பதில்லை.

வேறொரு வழி தமிழருக்கு வாய்த்திருக்கிறது. பிற நாட்டாருக்கு இது எளிதில் கிட்டாதது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்கள் கொண்டது. சீதக்காதி வள்ளலின் ஆதரவில் தொடங்கி, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் வளர்ந்தது. பரங்கிப்பேட்டை நமக்குத் தொலைவன்று. வீரமாமுனிவரின் தேம்பாவணி 3615 பாடல்களில் 1726-இல் உருவானது. ஏறத்தாழ ஒரே காலம். இரண்டும் மும்மூன்று காண்டங்கள். இரண்டிலும் நாட்டுப் படலம், நகரப் படலம். உமறுவின் அரேபியாவில் ஆறு பெருகி ஐந்திணையிலும் பாய்கிறது. முனிவரின் யூதேயாவில் நெல் விளைகிறது. இருவரும் கம்பர் வீட்டில் கடன் வாங்கியவர்கள். ஆயினும் ஒரு வீட்டில் கடன் வாங்கிய இருவரின் மக்களும் ஒருவர் நூலை மற்றவர் திறந்ததில்லை. பள்ளித் தேர்வில் ஆசிரியர் பெயரை எழுதி இரண்டு மதிப்பெண் பெற்றதோடு நம் உறவு முடிந்தது.

விழுப்புரத்தில் எமது பங்கு இல்லத்துக்கு அவ்வப்போது வருகை தரும் திண்டிவனத்துப் புலவர் ஒருவர் உண்டு. பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர். ஐவேளைத் தொழுகை தவறாதவர். அவரோடு அமர்ந்து 'மானுக்குப் பிணை நின்ற படல'த்தை முழுதும் வாசித்தோம். வேடன் ஒருவன் பிணைத்து வைத்திருக்கும் பெண்மான் நபிகளாரைக் கண்டு, தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப விடை கேட்கிறது. காட்டுக்குள் ஓடிய விலங்கு மீண்டு வருமோ என்று வேடன் நகைக்கிறான். நபிகளார் தாமே பிணை நிற்கிறார். இனத்தைச் சேர்ந்த பின்னும் அங்கே தங்கிவிடாமல் மான் திரும்புகிறது. வேடன் உள்ளம் மாறுகிறான். மான் விடுதலை பெறுகிறது.

தமிழில் பிணை என்றால் பெண்மான்; பிணை என்றால் ஈடாக நிற்பதும். கட்டுண்டதும் பிணை, கட்டவிழ்க்க நிற்பதும் பிணை. அரபு மரபில் வந்த நிகழ்ச்சி தமிழுக்குள் நுழைந்தபோது ஒரே சொல்லில் இரு பாத்திரங்களும் சந்தித்துக்கொள்கின்றன. கதையின் பொருளே அச்சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

இவ்விடத்தில் இறையியல் பயின்ற எவர்க்கும் எபிரேயர் திருமுகத்தின் ஏழாம் அதிகாரம் நினைவுக்கு வரும். இயேசு சிறந்த உடன்படிக்கையின் பிணையாளர் என்கிறது அது. 'ஆ, இங்கே கிறிஸ்து மறைந்திருக்கிறார்' என்று எழுதிவிட நம் திறனாய்வாளர் பலர் துடிப்பர். அவ்வாறு எழுதுவது அண்டை வீட்டுக்குள் புகுந்து அங்குள்ள பொருளுக்கு நம் பெயர் பொறிப்பதாகும். உமறுவின் கதையில் மான் திரும்பி வருகிறது. பிணை நின்றவர் எதையும் இழக்க வேண்டியதில்லை. வாக்குக் கொடுத்தது அதைக் காத்தது. "அவரவர் கணக்கு அவரவருக்கு என்பதுதான் எங்கள் மார்க்கம்" என்றார் புலவர். நம் நம்பிக்கையோ திரும்பி வராத மான்களைப் பற்றியது. பிணை நின்றவர் வேடன் கையில் தம்மையே தந்ததைப் பற்றியது. இதைச் சொன்னபோது அவர் நூலை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்படியானால் ஃபாதர், எங்கள் கதை முடிகிற இடத்தில்தான் உங்கள் கதை தொடங்குகிறது."

அதன்பின் சிலுவையைப் பற்றிப் பேசாதிருக்க இயலவில்லை. ஈசா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்பது குர்ஆனின் நிலை. அதை நம்மிடம் சொல்வது நம் மனத்தை நோகச் செய்யுமோ என்று அவர் கேட்டார். நோகத்தான் செய்கிறது என்றோம். இயேசுவை இறைமகன் என நாம் வழிபடுவது தமக்கும் அவ்வாறே என்றார் அவர். சற்று நேரம் பேச்சில்லை. தேநீர் வந்தது, குடித்தோம்.

1219-இல் சிலுவைப்போரின் நடுவே தமியேத்தா நகருக்கருகில் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துத் திரும்பிய புனித அசிசி பிரான்சிஸ், 1221-இல் தம் சகோதரர்க்கு எழுதிய ஒழுங்கில், இஸ்லாமியரிடையே வாழும்போது வாதமும் பூசலும் செய்யாது எல்லார்க்கும் பணிந்திருக்கவும், அதே வேளையில் தாம் கிறிஸ்தவர் என்று அறிக்கையிடவும் கற்பித்தார். முதற்பாதி நமக்கு எளிது. இரண்டாம் பாதியையும் சேர்த்துக் கடைப்பிடிப்பதே அரிது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பழம் பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலுமாறு கிறிஸ்தவரையும் இஸ்லாமியரையும் வேண்டிக்கொண்டது. 2019 பிப்ரவரி 4 அன்று திருத்தந்தை பிரான்சிசும் அல்-அசார் பெரிய இமாமும் அபுதாபியில் மனித உடன்பிறப்பு நிலை பற்றிய ஏட்டில் கையொப்பமிட்டனர். அந்நாள் நம் அருளானந்தரின் திருநாள் என்பதை அன்று நம் ஆலயங்களில் எத்தனை பேர் கவனித்தோம்?

தேம்பாவணியைப் பற்றிப் புலவர் கேட்டது வேறு வகைக் கேள்வி. மரியன்னையின் பெயரால் குர்ஆனில் ஓர் அதிகாரமே உண்டு. அந்நூலில் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரே பெண் அவரே. சூசையப்பரோ அதில் இல்லை. "எங்களுக்குத் தெரியாத அவரை ஏன் தலைவராக்கினார்?" என்றார். நற்செய்தியிலும் சூசையப்பர் ஒரு சொல்லும் பேசியதாக இல்லை. ஸ்பானியத் துறவி ஆகிர்தா மரியாவின் நூலைத் துணைக்கொண்டு முனிவர் அவரை வளன் ஆக்கிக் காவியம் முழுதும் நடக்கச் செய்தார். தமிழ்க் காப்பிய மரபு தலைவனை வானளாவப் புகழச் சொல்லும். ஆனால் நபிகளாரை உமறு இறைவனாக்க இயலாது. சூசையை முனிவரும் அவ்வாறு ஆக்க இயலாது. இரு கவிஞர்க்கும் ஒரே நெருக்கடி. புகழ்ச்சி எங்கே வழிபாடாகிவிடுமோ அங்கே இருவரும் நின்றுவிடுகின்றனர். இதை முதலில் கண்டு சொன்னவர் புலவர்தாம்.

குறைகளையும் மறைக்க வேண்டுவதில்லை. எதிர்த்தரப்பாரைத் தீட்டும் இடங்களில் இரு நூல்களிலும் கருணை வற்றிவிடுகிறது. தேம்பாவணி எழுதிய அதே கை 'பேதகமறுத்த'லில் தரங்கம்பாடி லுத்தரன் சகோதரரைச் சாடிய வேகம் இன்று வாசிக்கக் கூசுகிறது.

அடுத்து, நுபுவ்வத்துக் காண்டத்தில், துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் கிறிஸ்தவ மன்னன் ஆண்ட அபிசீனியாவில் அடைக்கலம் புகும் பகுதியை நாம் வாசிப்பதாக இருக்கிறோம். புலவர் தேம்பாவணியின் முதற்காண்டத்தில் இருக்கிறார். சொற்கள் கடினமாயிருப்பதால் அகராதி ஒன்று வேண்டும் என்றார். முனிவரே 1732-இல் செய்த சதுரகராதியைக் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.