கையால் நிரப்பும் தோட்டா: மரபுகளும் அளவுகோல்களும்

பிஸ்டல் போட்டிக்கான தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்வது அமெரிக்கப் போட்டிக் களங்களில் பல தலைமுறைப் பழக்கம். சுட்டபின் கீழே விழும் பித்தளை உறையைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குச் சுருக்கி, மருந்துக்குத் தீமூட்டும் புது ப்ரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து ஊற்றி, குண்டை அமர்த்தி, உறையின் வாயை இறுக்கினால் தோட்டா தயார். பணம் மிச்சமாகும் என்பதுதான் பலரும் முதலில் சொல்லும் காரணம். அது பாதிக் காரணமே. தன் துப்பாக்கிக்கும் தான் ஆடும் போட்டிக்கும் பொருந்துகிற தோட்டாவைக் கடை அலமாரி எப்போதும் தந்துவிடாது. நல்ல தோட்டா எது என்பதை இலக்கும் விதிநூலும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஆகவே போட்டிக்கு ஒரு மரபு வளர்ந்தது.

மூத்த மரபு புல்ஸ்ஐ என்ற துல்லியப் போட்டியுடையது. ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. நின்றபடி, ஒரே கையால், 50 கஜத்திலும் 25 கஜத்திலும் சுட வேண்டும். 50 கஜ இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 3.36 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் அதில் பாதிதான். இந்தப் போட்டி வேகத்தையோ விசையையோ கேட்பதில்லை. துப்பாக்கியின் இயக்கம் தடையின்றி நடக்க வேண்டும், ஒரு தோட்டா மற்றொன்றைப் போலவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் இங்கே மென்மையான நிரப்பலே அரசாண்டது: .45-க்கு 200 கிரெயின் ஈயக்குண்டு, .38 ஸ்பெஷலுக்கு 148 கிரெயின் வாட்கட்டர். கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். குன்றிமணி ஒன்றில் கிட்டத்தட்ட இரண்டு கிரெயின் அடங்கும்.

வாட்கட்டர் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதற்கு மூக்கே இராது. தட்டையான முகத்தோடு, உறையின் விளிம்போடு விளிம்பாக அமர்ந்திருக்கும். கூர்மூக்குக் குண்டு அட்டையைக் கிழித்து ஓரம் பிசிறிய ஓட்டை போடும். வாட்கட்டரோ அச்சில் வெட்டியதுபோல் வட்டமாகத் துளைக்கும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற தகராறுக்கு இடமில்லை. புள்ளி எண்ணும் மேசையின் தேவை ஒரு குண்டின் உருவத்தையே வகுத்திருக்கிறது என்பது இந்தக் கலையில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

இதே .38 உறைதான் நிரப்புபவரின் பொறுமையையும் சோதிக்கும். கருமருந்துக் காலத்தில் வகுக்கப்பட்ட விசாலமான உறை அது. விரைந்து எரியும் இன்றைய வேகமருந்தைப் போட்டால் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். மருந்து ப்ரைமர் பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு வேகம், குண்டின் பக்கம் சாய்ந்திருந்தால் வேறொரு வேகம். அதைவிட ஆபத்தானது, தவறி இரண்டு முறை ஊற்றினாலும் உறை வழியாது என்பது. பழைய ஆட்கள் ஐம்பது உறைகளைத் தட்டில் நிறுத்தி, குண்டை அமர்த்துமுன் விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பார்கள். மருந்தின் மட்டம் ஒன்றில் மட்டும் உயர்ந்து தெரிந்தால் அந்த உறை காலியாகும். இந்தப் பார்வையை விட்டவர் எத்தனை விலையுயர்ந்த இயந்திரம் வைத்திருந்தாலும் நல்ல நிரப்பாளர் ஆகமாட்டார் என்பது என் உறுதியான கருத்து.

நம் நாட்டு வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் இந்தக் கலைக்கு இடமுண்டா? இல்லை. அது .22 விளிம்புவெடித் தோட்டா. வெடிக்கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் போட்டித் தரத்தில் அதை மறுபடி நிரப்ப வழியில்லை. அங்கே வீரர்கள் ஒரே ஆலையின் பல தொகுதிகளைத் தம் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் தொகுதியை மொத்தமாக வாங்கி வைப்பார்கள்.

இரண்டாவது மரபு குண்டின் விசையைத் தேடியது; அதன் பெரிய பெயர் எல்மர் கீத். 1955-ல் .44 மேக்னம் என்ற வலுமிக்க தோட்டா சந்தைக்கு வந்ததில் அவருடைய வற்புறுத்தலுக்குப் பெரும் பங்குண்டு. போட்டியில் இந்த மரபு உலோக உருவங்களைச் சாய்க்கும் ஆட்டத்தில் வாழ்ந்தது. 200 மீட்டரில் நிற்கும் இரும்புக் கடாவைத் தொட்டால் மட்டும் போதாது, அது விழவும் வேண்டும்.

மூன்றாவது மரபில்தான் கணக்கு நுணுக்கமாகிறது. 1976-ல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டுச் சுடுபோட்டிக் கூட்டமைப்பு பிறந்தது, முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், விசை, வேகம் மூன்றையும் சமமாக மதிக்க வேண்டும் என்பது கொள்கை. விசையை அளக்க வந்த அளவுகோல் பவர் ஃபேக்டர்: குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சங்கமான யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் மேஜர் என்ற வலுத்த வகுப்புக்குக் குறைந்தது 165, மைனர் என்ற மென்மையான வகுப்புக்கு 125. மேஜர்காரர் இலக்கின் நடு மண்டலத்துக்கு வெளியே உள்ள சி மண்டலத்தில் சுட்டால் 4 புள்ளி, மைனர்காரருக்கு 3. பெரிய போட்டியில் நடுவர் வீரரின் தோட்டாக்களில் எட்டை எடுத்துக்கொள்வார். ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுப்பார். மற்றவற்றில் சிலவற்றை வீரரின் துப்பாக்கியிலேயே வேகமானியின் மேல் சுடுவார். 124 கிரெயின் குண்டு 1,040 அடி வேகத்தில் போனால் 128.96, பிழைத்தார். 1,000 அடிதான் என்றால் 124. அந்த வீரர் தொடர்ந்து சுடலாம், புள்ளி கிடையாது.

ஆகவே எல்லாரும் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கப் பார்க்கிறார்கள். எவ்வளவு மேலே என்பதில்தான் அனுபவம் தெரியும். வீட்டருகே வெயிலில் 126 காட்டிய தோட்டா, வேறு ஊரின் குளிர்காலையில் 124-க்கு இறங்கிவிடலாம். எடையும் வேகமும் எந்த விகிதத்தில் என்பது அடுத்த வழக்கு. 147 கிரெயின் கனமான குண்டும் குறைந்த அளவு வேகமருந்தும் சேர்த்தால் உதைப்பு மெத்தென்று இருக்கும். குழல்முனையில் காம்பென்சேட்டர் வைத்த ஓப்பன் பிரிவினரோ இலேசான குண்டும் நிறைய மெதுமருந்தும் கேட்பார்கள்; வாயு அதிகம் வந்தால்தான் அந்தக் கருவி முனையை எழும்பாமல் அழுத்தும்.

தரைக்கு விதிநூல் இருப்பதுபோல் கூரைக்கும் அளவுண்டு. ஐரோப்பாவில் 1914 முதல் சி.ஐ.பி., அமெரிக்காவில் 1926 முதல் சாமி என்ற அமைப்பு அழுத்த வரம்புகளை வகுத்துவருகின்றன. சாமி கணக்கில் .45-க்கு 21,000 பி.எஸ்.ஐ., 9 மி.மீ.க்கு 35,000. 1980-களில் .38 சூப்பரில் மேஜர் எட்டத் துடித்தபோது, அறையின் பிடிப்பில்லாத அடிப்பகுதியில் உறை கிழிந்து வாயு முகத்தில் அடித்தது. ‘சூப்பர் ஃபேஸ்’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். உறையை முழுதும் தாங்கும் குழல்கள் வந்த பிறகே அது அடங்கியது. அச்சிட்ட நிரப்பல் அட்டவணைக்கு வெளியே சென்று வெல்லும் பதக்கத்தை என்னால் மதிக்க முடியவில்லை.

இன்று அரிசோனாவின் டில்லன் போன்ற நிறுவனங்களின் தொடர் இயந்திரங்களில் கைப்பிடியின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா விழுகிறது. உள்ளங்கை அகல ரேடார் வேகத்தைச் சொல்லிவிடுகிறது. ஈயக்குண்டுக்குப் பாலிமர் பூச்சு வந்ததால் கையில் படும் ஈயமும் குறைந்திருக்கிறது, கை கழுவும் கடமை குறையவில்லை. இளையவர்களிடம் எனக்குள்ள குறை ஒன்றுதான். வேகமானியில் எண் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வேகம் சீரான தோட்டாவும், குண்டின் விட்டம் குழலுக்குப் பொருந்தாவிட்டால் இலக்கில் சிதறும். துப்பாக்கியை ரான்சம் ரெஸ்ட் என்ற இறுக்கியில் பூட்டிச் சுடுவது புல்ஸ்ஐ வழக்கம். இறுக்கி இல்லாதவர்கள் மணல்மூட்டையில் சாய்த்து, 25 கஜத்தில் பத்துத் தோட்டாக்களாவது ஒரே அட்டையில் சுட்டுப் பார்க்க வேண்டும். மூன்று தோட்டா தற்செயலாக ஒட்டிக்கொள்ளும். பத்து அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.