கொடியசைத்த பிறகு சைக்கிள் எங்கே போகிறது?

சைக்கிள் பேரணி இப்போது கிட்டத்தட்ட ஒரு இலக்கிய வகைமை ஆகிவிட்டது. வெண்பாவுக்கு இருப்பதுபோல அதற்கும் இலக்கணம் உண்டு. நாள் ஜூன் 3 அல்லது ஜூன் 5: முதலாவது உலக மிதிவண்டி நாள், இரண்டாவது உலகச் சுற்றுச்சூழல் நாள். நேரம் காலை ஆறு மணி. ஒரே நிறத்தில் டி-ஷர்ட், 'பசுமை காப்போம்' வகையில் ஒரு பதாகை, கொடியசைக்க ஒரு பிரமுகர். அவர் வந்து சேர்ற வரைக்கும் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டி முடித்தால் வாழைப்பழம், சான்றிதழ், ஒரு மரக்கன்று. குழுப்படம். கொடியசைத்தவர் காரில் கிளம்புவார். எட்டரை மணிக்கு ரோடு பழையபடி ஆகிவிடும்.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கவிதையையோ நாடகத்தையோ பார்க்கிற மாதிரி இதையும் பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். இதில் பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்கள்? பேசி முடித்த பிறகு கேட்டவரின் வாழ்க்கையில் என்ன மாறுகிறது? நம் ஊர்களில் நடக்கிற சுற்றுச்சூழல் விழாக்களை யாரும் விமர்சிப்பதில்லை. நல்ல காரியம்தானே, அதைப் போய் ஏன் குறை சொல்லணும் என்று விட்டுவிடுகிறோம். நல்ல நோக்கம் இருந்தால் மோசமான கவிதையையும் மன்னிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அதே சலுகையைப் பேரணிக்கும் கொடுத்துவிட்டோம்.

காரைக்காலை எடுத்துக்கொள்வோம். சைக்கிளுக்கென்றே செய்து வைத்தது போன்ற ஊர். காவிரி கடலில் கலக்கும் சமவெளியில் ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலங்களைத் தவிர வேறொன்றும் கிடையாது. மாவட்டமே 160 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நேர்த்தெருக்கள் ஊருக்குள் இருக்கின்றன. திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர். நாகூருக்கும் மிதித்தே போய்விடலாம். ஆனால் ரோட்டில் இருப்பது பைக்கும் ஸ்கூட்டியும்தான். தமிழ்நாட்டைவிடப் பெட்ரோல் விலை இங்கே குறைவு; பக்கத்து மாவட்டத்துக்காரர்களே வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போகிற ஊரில், உள்ளூர்க்காரர் ஏன் மிதிக்கணும்? ஊரின் ஊடே தேசிய நெடுஞ்சாலை போகிறது. அதில் துறைமுகத்து லாரிகள். உப்புக் காற்றில் செயினும் ரிம்மும் ஒரு மழைக்காலத்திலேயே துருவேறிவிடும். இது எதையும் பேரணியின் பதாகை பேசுவதில்லை. 'சைக்கிள் ஓட்டுவோம்' என்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. காலையில் பேரணி போகும்போது ஓரமாக ஒதுங்கி வழிவிடுகிற ஆளைக் கவனித்துப் பாருங்கள். பால் கேன் மாட்டியவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், டிபன் கேரியர் தொங்கவிட்ட கடைச் சிப்பந்தி என்று யாரோ ஒருவர். அவரும் சைக்கிளில்தான் வந்துகொண்டிருப்பார். வருஷத்தில் முன்னூற்று அறுபத்தைந்து நாளும் சைக்கிள் ஓட்டுகிற மனிதர், சைக்கிளுக்கான விழாவில் வேடிக்கை பார்க்கிறவர். அவருக்கு டி-ஷர்ட் கிடையாது. அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதும் கிடையாது. அவருக்கு அது வறுமை. பேரணியில் வருகிறவருக்கு அதே சைக்கிள் விழிப்புணர்வு. இந்த இரண்டையும் ஒரே தெருவில் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் பேசுவதுதான் இந்த வகைமையின் அடிப்படைக் கோளாறு என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு விழாவைத் தமிழ் மண் பார்த்திருக்கிறது. காரைக்காலிலிருந்து மேற்கே சில மணி நேரத் தொலைவில், புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பி. சாய்நாத் தன் புகழ்பெற்ற 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' (1996) நூலில் இதைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார். இந்திவழிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புப் பாடநூலில் அதன் மொழிபெயர்ப்பைப் படித்தார்கள். நம் பக்கத்து ஊர்க் கதை அவர்களுக்குப் பாடமாகியிருக்கிறது.

அந்த அத்தியாயத்தில் வருகிற விவரங்களே ஒரு விழா எப்படி இருக்கணும் என்று சொல்லிவிடுகின்றன. 1992 மகளிர் நாளில் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு 1,500 பெண்கள் புதுக்கோட்டைக்குள் நுழைந்தார்கள். பிறகு நடந்த பொதுப் போட்டிகளில் 70,000 பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள். கற்றுக்கொண்டவர்கள் யார் யார்? விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர், சத்துணவுப் பணியாளர்கள். ஒரு கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு எல்லாரும் இருப்பதிலேயே நல்ல துணியாக உடுத்திக்கொண்டு வந்தார்களாம். ஆண்களின் கேலியும் ஆபாசப் பேச்சும் இருந்திருக்கிறது. அதைத் தாண்டித்தான் ஓட்டியிருக்கிறார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களுக்கான வண்டியையே வாங்கியிருக்கிறார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காக அதையே விரும்பியவர்களும் உண்டு.

அந்தக் குறுக்குக் கம்பிதான் சாய்நாத் எழுத்தின் பலம். அங்கே சைக்கிள் சின்னம் கிடையாது. அதில் தண்ணீர்க் குடம் வருது, குழந்தை வருது, விற்கப்போகிற காய்கறி வருது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் மிச்சமாகிறது. அப்பனோ அண்ணனோ புருஷனோ கூட்டிக்கொண்டு போகட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற நிலை போகிறது. பூமியைக் காப்பாற்றுவதற்காக அங்கே யாரும் மிதிக்கவில்லை. போகவேண்டிய இடத்துக்குத் தானாகப் போக மிதித்தார்கள். சுற்றுச்சூழலுக்கு அதனால் கிடைத்த நன்மை உபரி.

அந்தக் கொண்டாட்டத்துக்குப் பின்னால் வேலையும் இருந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், முதலில் அறிவொளிப் பெண் ஊழியர்களைக் கற்கவைத்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகளைக் கடன் கொடுக்க வைத்தார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இன்ன பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். அங்கே கொடியசைப்பு ரொம்ப நாள் உழைப்பின் கடைசிக் காட்சி. நம் பேரணிகளில் கொடியசைப்புதான் முதல் காட்சி, அதுவேதான் கடைசியும்.

ஆனால் சாய்நாத்தின் அத்தியாயத்தையும் நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அது வெற்றியின் உச்சத்திலேயே நின்றுவிடுகிறது. அறிவொளி ஊழியர்களுக்கு யுனிசெஃப் 50 மொபெட் வழங்கியது என்ற செய்தி அதில் உண்டு. இன்று திரும்பிப் படிக்கும்போது என் கண் அங்கேதான் நிற்கிறது. சைக்கிளை ஒரு படியாகவும் மொபெட்டை அடுத்த படியாகவும் வைக்கிற பார்வை அந்த வெற்றிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்தப் பெண்களின் மகள்கள் ஸ்கூட்டிக்குப் போனதில் வியப்பே இல்லை. சுற்றுச்சூழல்வாதிகளுக்கு இது சங்கடமான கேள்வி. விடுதலைக்காக ஏறியவள், இன்னும் வேகமான விடுதலை கிடைத்தால் இறங்கத்தான் செய்வாள். அவளை மறுபடி சைக்கிளில் ஏறு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்கு முகம்கொடுக்காத எந்தப் பசுமை விழாவும் வசதியானவர்களின் உடற்பயிற்சியாகத்தான் முடியும்.

தமிழ்ப் புனைவும் சினிமாவும் இந்தக் கேள்விக்கு உதவி செய்யவில்லை. நமக்குச் சைக்கிள் என்றால் பால்யம், அதுவும் பையன்களின் பால்யம். வாடகைக் கடை, மணிக் கணக்கு, முட்டி சிராய்ப்பு. ராசி அழகப்பனின் சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் இயக்கிய 'குரங்கு பெடல்' (2024) அந்த வரிசையில் நேர்மையான படம். சைக்கிள் ஓட்டத் தெரியாத அப்பா, வாடகை வண்டியில் கற்றுக்கொள்ளும் மகன் என்று அந்த வெட்கத்தையும் ஆசையையும் அழகாகச் சொன்னது. எனக்கும் பிடித்தது. ஆனாலும் அது ஓர் ஏக்கம். பழைய நாளை நினைத்துக் கண் கலங்குகிறவன் திரும்பப் போவது பைக்கில்தான். கலையில் சைக்கிள் கடந்தகாலம், பேரணியில் சைக்கிள் எதிர்காலம். நிகழ்காலத்தில் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறவர் இரண்டு இடத்திலும் இல்லை.

திரும்பவும் காரைக்காலுக்கு வருகிறேன். விழா என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்தும் கூட்டத்துக்குள்ளிருந்தும் மாம்பழங்களை வீசுகிறார்கள். அதைப் பிடிக்கக் கை நீளாத ஆள் கிடையாது. அன்னதானத்தின் மகிமை பற்றி மேடை போட்டு யாரும் பேசுவதில்லை. எறிகிறவரும் பிடிக்கிறவரும் சேர்ந்தே அந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். பங்கேற்பு என்று தொண்டு நிறுவனங்கள் அறிக்கையில் எழுதுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அந்த நாட்களில் பாரதியார் வீதியில் வண்டி போகாது. மாற்றுவழியில் போகச் சொன்னால் போகிறோம், முணுமுணுப்பதுகூட இல்லை. ரோட்டை மூடத் தெரிந்த ஊர் இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விழாவின் நாயகியையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். புனிதவதி கணவன் வீட்டில் இருந்தவரை அவரைப் பற்றிய கதை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது: சமையல், மாம்பழம், கணவனின் கேள்வி. பேயுரு வேண்டிப் பெற்ற பிறகுதான் தனியாக வழிநடக்கிறார். பார்த்தவர்கள் பயந்து ஓடினார்கள் என்கிறது பெரியபுராணம். கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்தார். பக்தியின் உச்சம் என்றே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. ஒரு பெண் துணையில்லாமல் ரோட்டில் போக, பார்க்கிறவன் பயப்படும் உருவம் வேண்டியிருந்திருக்கிறது. புதுக்கோட்டைப் பெண்கள் தங்கள் உருவத்தோடேயே போனார்கள். காரைக்கால் அம்மையார் ஊரில் சைக்கிள் விழா எடுப்பவர்கள் முதலில் யோசிக்கவேண்டியது கார்பன் கணக்கை அல்ல, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண் எந்த ரோட்டில் சைக்கிளில் போகமுடியும் என்பதை.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974 முதல் 'சிக்லோவியா' நடக்கிறது. ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைகளைக் கார்களிடமிருந்து எடுத்து மக்களிடம் கொடுக்கிறார்கள். சென்னையிலும் பெசன்ட் நகரில் ஞாயிறு காலைகளில் அதன் சிறிய வடிவத்தைப் பார்த்தோம். இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: பொகோட்டாவின் விழா காரிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறது. நம் பேரணி யாரிடமிருந்தும் எதையும் எடுப்பதில்லை. அதனால்தான் அதற்கு எதிரிகளே இல்லை. எல்லாருக்கும் பிடித்த விமர்சனக் கட்டுரை மாதிரி, எதையும் அசைக்காமல் பாராட்டு வாங்கிக்கொண்டு போகிறது.

சைக்கிளைக் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2001இல் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்ததை கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்கள் 32 சதவீதம் அதிகரித்தார்கள். ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். அதாவது தேவை இருந்த இடத்தில் சக்கரம் சுழன்றிருக்கிறது. படிப்பு முடிந்ததும் அந்த வண்டி திண்ணைக்குப் போகிறதென்றால், அடுத்த பயணத்துக்கு ரோடு இல்லை என்று அர்த்தம். விழிப்புணர்வு இல்லாததால் யாரும் சைக்கிளை நிறுத்துவதில்லை.

ஆகவே பேரணியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கொண்டாட்டம் வேண்டும், மேளம் வேண்டும், மாம்பழம் மாதிரி கைநீட்டிப் பிடிக்க ஏதாவது வேண்டும். பொங்கலையொட்டிக் காரைக்காலில் கார்னிவல் நடக்கும்போது மலர்க் கண்காட்சிக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கும் இடம் கொடுக்கட்டும். ஆனால் அன்றைக்கு மேடையில் பால்காரர் உட்காரட்டும், டிபன் கேரியர்க்காரர் மைக்கைப் பிடிக்கட்டும், எந்த வளைவில் லாரி இடிக்க வருகிறது என்று அவர்கள் சொல்லட்டும். ஸ்கூட்டி வாங்கின பெண், சைக்கிளை ஏன் விட்டேன் என்று சொல்லட்டும். கொடியசைக்க வந்தவர் உட்கார்ந்து கேட்கட்டும். ஒரு வாரத்தில் ஒரு தெருவையாவது, ஒரு நாள் காலையிலாவது, தேருக்கு மூடுகிற மாதிரி மூடட்டும். பஞ்சர் ஒட்டுகிற கடைக்காரருக்கு அங்கே இலவசமாக ஓர் இடம் கொடுக்கட்டும்.

ஒரு புத்தகம் நல்லதா என்று மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: மூடிய பிறகு அது என்னோடு வருகிறதா? விழாவுக்கும் அதுவே போதும். ஜூன் 6 காலையில் எத்தனை சைக்கிள் ரோட்டில் இருந்தது, அதில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணுவதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு ஸ்டூலும் ஒரு நோட்டும் போதும்.