பேராக்கைப் பார்க்க வருகிறீர்களா? தோட்டத்துக் கோயிலுக்கு வாருங்கள்

மலேசியா போய்வந்த தமிழ்நாட்டு நண்பர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், இரட்டைக் கோபுரம், கெந்திங், பத்துமலை என்று ஒரே பாட்டுதான். கோலாலம்பூர்ப் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பேராக்கில் இருக்கும் ஈப்போவுக்கு வருவார்கள், வெள்ளைக் காப்பி குடிப்பார்கள், சுவரோவியத்தின் முன்னால் நின்று படம் பிடிப்பார்கள், நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார்கள். “ரப்பர் தோட்டத்துல பார்க்க என்னங்க இருக்கு?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கே.எல். சென்ட்ரலிலிருந்து ஈப்போவுக்கு இ.டி.எஸ். ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். இறங்குகிற நிலையம் கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்தது, 1917-இல் திறந்தது. ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், போதும். பக்கத்திலேயே 1909-இல் எழுப்பிய பர்ச் மணிக்கூண்டு. 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட வெள்ளைக்கார அதிகாரியின் நினைவுச் சின்னம் அது. அது நிற்கும் சாலைக்கோ, அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயர்! வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள், தோட்டப்புறத்துக்குப் பேருந்தை நம்ப வேண்டாம்.

பத்து காஜா பக்கம் கெல்லீஸ் காசலுக்குப் போவீர்கள், தெரியும். பேய் பங்களா என்று வீடியோ போட்டே பிழைக்கிறவர்களை விட்டுத்தள்ளுங்கள். ஸ்காட்லாந்துக்காரர் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய மாளிகை. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் வேலை நின்றுவிட்டது. கட்ட வந்த நம் ஆட்கள் கொள்ளைக் காய்ச்சலில் செத்து விழுந்தபோது, மிஞ்சியவர்கள் கோயில் கேட்டார்கள். துரை கட்டிக் கொடுத்தார். சற்றுத் தள்ளியிருக்கும் அந்த மாரியம்மன் கோயிலின் கூரையில் சாமிகளோடு சாமியாகத் துரையும் நிற்கிறார். மாளிகையில் பேய் தேடுகிறவர்கள் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக் கோயில்கள் இரண்டு வகை: நின்ற கோயில், நகர்ந்த கோயில். இரண்டையும் “பழைய கோயில்” என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த இரண்டு வகை வந்த கதை இது: ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன், தொழிலாளிகளின் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். அப்படியும் பல தோட்டங்கள் கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் தாமான் என்கிற குடியிருப்பு வந்தது. தொழிலாளிகள் குடியிருந்த லயங்கள் தரைமட்டமாயின. கோயில் மட்டும் என்ன செய்யும்? ஒன்று இருந்த இடத்திலேயே நின்றது, இல்லையென்றால் வேறு இடத்துக்கு நகர்ந்தது.

நின்ற கோயிலைக் கண்டுபிடிக்க வாசலில் நின்று எதிரே பாருங்கள். செம்பனை வரிசைதான் தெரியும், ஒரு வீடு இருக்காது. லயத்துச் சனம் நடந்து வந்த பாதை புல்லுக்குள் போய் மறைந்திருக்கும். முனியாண்டி கூரையில்லாமல் மரத்தடியில் இருப்பார், வேர் மேடையைப் பிளந்திருக்கும், சூலங்களில் ஒன்றிரண்டு துருவேறிச் சாய்ந்திருக்கும். நகர்ந்த கோயிலில் எல்லாம் ஒழுங்கு: ஒரே நிறத் தரை ஓடு, மதில், கார் நிறுத்த இடம். எல்லையில் காவல் நின்ற முனியாண்டியையும் உள்ளே கூட்டிவந்து நவக்கிரகத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்கள். காக்க எல்லையே இல்லாத காவல்காரர்! ஆனால் பெயர்ப் பலகையை விடாதீர்கள். இல்லாமல் போன தோட்டத்தின் பெயர் அதில் இருக்கும். தமிழ்ப்பள்ளிகளும் அப்படித்தான், சுற்றிலும் மாடிவீடுகள், பலகையில் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’.

நகர்ந்த கோயிலில் அழகில்லை என்று கோபுரக்கலை பேசும் மேதாவிகள் உதட்டைப் பிதுக்குவார்கள். இடம் கிடைக்க எத்தனை மனு, எத்தனை வசூல் புத்தகம் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு, உங்களிடம் மட்டும் சொல்கிறேன், நின்ற கோயில்தான் பிடிக்கும். ஆனால் கதை கேட்க நகர்ந்த கோயிலுக்குத்தான் போவேன். அங்கேதான் ஆள் இருக்கும்.

முடிந்தால் திருவிழாச் சமயம் பார்த்து வாருங்கள். எங்கெங்கோ போய்விட்ட தோட்டத்துப் பிள்ளைகள் அன்றைக்குத் திரும்பி வருவார்கள். அன்னதானப் பந்தியில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஐயா, நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேளுங்கள். பெரட்டு, தண்டல், கிராணி, ஒட்டுப்பால், கள்ளுக்கடை என்று தோட்டத்து வாழ்க்கை எல்லாம் வரும், நடுவில் நிறுத்தவும் முடியாது. அதனால் மத்தியான ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். கடைசி ரயிலுக்கு எடுங்கள்.