மந்திரவாதியும் வரவு செலவும்

கற்பனை உலகில் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, முறைவைத்துக் கதை வளர்த்தெழுதும் விளையாட்டு நம் வாலிபர் சிலரையும் பற்றிக்கொண்டுள்ளது. யான் பார்த்த ஏடுகளில் பாதிக்குமேல் மந்திரவாதிகளே! மந்திரம் என்றதும் முகஞ்சுளிக்கும் தோழர்கள் பொறுத்தருள்க. தாயத்து விற்போன் பொய்யை மெய்யென்கிறான். கதையாசிரியனோ பொய்யைப் பொய்யென்றே கூறித் தருகிறான். எனது குறை வேறு. இம் மந்திரவாதிகளால் ஆகாத காரியம் ஒன்றுமில்லை. ஆகவே அவர்களைப் பற்றிப் படிக்கவும் ஒன்றுமில்லை.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில், புதிய மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரந்தான். கவசம் அணியலாகாது, ஆயுதமாகக் குத்துவாள் மட்டுமே. இக் கருமித்தனம் ஜாக் வான்ஸ் என்பார் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' நூலிலிருந்து வந்தது. அதில் மஸிரியன் என்னும் கொடிய மந்திரவாதி, குதிரைமேல் வரும் பெண்ணொருத்தியைத் துரத்தப் புறப்படுமுன், ஐந்து மந்திரங்களை அரும்பாடுபட்டு மனத்தில் ஏற்றுகிறான். அதற்குமேல் மூளை கொள்ளாது; ஏவிய மந்திரமோ அக்கணமே மறந்துபோம். காட்டில் இடையூறு நேருந்தோறும் ஒன்று கழிகிறது. எஞ்சியவை எத்தனையென வாசகனும் விரல்விட்டு எண்ணுகிறான். செக்ரோல் எழுதிப் பழகிய கைக்கு இக்கணக்கின் சுவை நன்கு விளங்கும்! கையிருப்புத் தீர்ந்தபின் அக்கொடியவனும் நம்மைப்போல் வெறும் மனிதனாகி அழிகிறான்.

எனினும் எண்ணிக்கை மாத்திரம் இலக்கியமாகாது. 1968இல் ஊர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'யில் கணக்கே இல்லை, விலை உண்டு. கெட் என்னும் மாணவன் செருக்கினால் இறந்தவளை அழைக்கிறான். அவளோடு ஒரு நிழலும் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்த வழியை அடைத்த முதிய குரு உயிர் துறக்கிறார். பிழை ஒருவனுடையது, இழப்பு வேறொருவருடையது! வான்ஸின் கதையில் இவ்வாழம் இல்லையென்பதே என் துணிபு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆட்டக்காரர் பழைய மறதி விதியைக் கைவிட்டனர். சிறு மந்திரங்களை எத்துணை முறையும் ஏவலாமென்றனர். ஆட்டம் எளிதாயிற்று, எழுதுவோர் பொறுப்போ இரட்டித்தது.

இவ்வளவு பேசும் யானும் குற்றவாளியே. என் முதல் மந்திரவாதி மலையைப் பெயர்த்தான், காயங்களை ஆற்றினான், பூட்டுகளைப் பார்வையாலேயே திறந்தான். உடனெழுதிய மூவர்க்கும் செய்தற்கொரு வேலை விடவில்லை. மூன்றாம் வாரம் ஓர் இளைஞர், "அண்ணே, உங்கள் ஆள் இருக்கும்போது நாங்கள் எதற்கு?" என்றார். அவர் சினந்து கேட்கவில்லை, அதுவே சுட்டது. அவர் பாடுபட்டுப் புனைந்த வேடன் அதுவரை ஓர் அம்பும் எய்ததில்லை என்பதை அன்றுதான் ஏட்டைப் புரட்டிக் கண்டேன்.

இப்பொழுது யான் எழுதும் மந்திரவாதிக்கு விளக்கேற்ற மட்டுமே தெரியும். பெருங்காற்று வீசின் அதுவும் அணைந்துவிடும். சென்ற வாரம் அவன் இருளில் ஒரு பாழ்ங்கிணற்றில் விழுந்தான். அவ்விளைஞரின் வேடன் கயிறு வீசித் தூக்கிவிட்டான். அப்பகுதியை அவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார்.