சாயலும் நகலும்

ஒரு பாட்டு வேறொரு பாட்டைப்போல் ஒலித்துவிட்டால் உடனே 'திருட்டு' என்று கூவுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. ஷா ஆலம், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் முதலிய இடங்களில் வீட்டறையிலமர்ந்து கணினியால் மின்னிசை ஆக்கும் நம் வாலிபர்கள் இப்பழியைச் சுமக்கின்றனர். பழி முழுப் பொய்யன்று; அளக்கும் கோல்தான் பிழையென்பது நமது அபிப்பிராயம்.

பம்பாய்ச் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்டு கம்பெனியின் டி.பி.303 முதலான யந்திரங்களைக்கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்களை இசைத்தட்டாக்கினார். தட்டு விலைபோகவில்லை. 303 யந்திரமோ, பேஸ் கித்தார் வாசிப்பவர்க்குப் பதிலாகச் செய்யப்பெற்றது. அவ்வேலைக்கு உதவாமையால் 1984இல் அதன் உற்பத்தியே நின்றது. அதன்பின் 'ப்யூச்சர்' என்னும் சிக்காகோ வாலிபர் குழு, அவ்யந்திரத்தின் திருகுகளை மனம்போனபடி முறுக்கி, 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. சிங்கின் தட்டு 2010இல் மறுபதிப்பானபோது கேட்டோர் திகைத்தனர். இரண்டும் உடன்பிறந்தவை போலிருந்தன! ஆயினும் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்தாரல்லர். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் குணம் அவ்யந்திரத்துக்கு உண்டு. சிங் அதில் இராகத்தின் இழைவைக் கேட்டார். சிக்காகோவினர் ஆட்டத்தின் வெறியைக் கேட்டனர். சாயல் யந்திரத்தினுடையது, கேட்ட காது அவரவருடையது.

தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு நகலெழுதும் தொழில் புதிதன்று. நகலில் ஓரெழுத்து மாறினும் குற்றம். கலையிலோ, மாறாதிருப்பதே குற்றம். யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில், 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாட்டைப் பகிரங்கமாகவே எடுத்தாண்டனர். மெட்டு இரவல்தான், அதன்மேல் ஏறிய ராப் பேச்சோ மலேசியத் தமிழனுடையது. அதை நகலென்பார் காதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறார்.

நாம் அஞ்சுவது வேறொன்றை. விலைக்கு வாங்கிய ஆயத்தத் தாளத்துண்டுகளை வரிசையாய் ஒட்டி, சென்னைப் படப்பாட்டின் பளபளப்பைப் பூசிவரும் பாட்டுக்களை எவரும் திருட்டென்று சொல்வதில்லை. எந்தத் தனிப்பாட்டையும் அவை ஒத்திராமையால் தப்பிவிடுகின்றன. ஆனால் அவற்றில் எவருடைய காதும் இல்லை. நம் கோயில் திருவிழாக்களில் முழங்கும் உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைகுச்சியால் தேய்க்கையில் எழும் முனகல், 303இன் வழுக்கலுக்கு நெருங்கிய உறவு. உறுமியின் அடியை மட்டும் வெட்டி ஒட்டுவோரைக் கேட்டிருக்கிறோம். அம்முனகலை யந்திரத்தின் திருகில் தேடிப் பார்க்கும் வாலிபரைக் கேட்கவே நாம் காத்திருக்கிறோம்.